ஐபோன் 13-க்கு மெல்லிய காந்த வயர்லெஸ் பவர் பேங்க்: 5000 போதுமா, 10000 வேண்டுமா?

கேள்வி: செங்கை லோக்கல்

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பெருமாள் கோவிலில் குடியிருக்கிறேன். எழும்பூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை. காலை ஆறே முக்காலுக்கு மின்சார ரயிலில் ஏறினால், வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடும். வாரத்தில் மூன்று நாட்களாவது வாடிக்கையாளர்களின் அலுவலகங்களுக்குச் சென்று அங்கே மடிக்கணினிக்கு என் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் கொடுக்க வேண்டியிருப்பதால், மாலை நான்கு மணிக்கெல்லாம் சார்ஜ் இருபது சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. போன் ஐபோன் 13. வாங்கி மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. பேட்டரியின் நிலை 83 சதவீதம் என்று அமைப்புகளில் காட்டுகிறது.

என்னிடம் ஏற்கெனவே கேபிள் போட்டுப் பயன்படுத்தும் கனமான பழைய பவர் பேங்க் ஒன்று உள்ளது. அதில் குறை ஏதும் இல்லை. ஆனால் மாலை நேர ரயிலில், ஒரு கை மேல்கம்பியைப் பிடித்திருக்க, தோளில் பை தொங்க, மறு கையில் போனும் பவர் பேங்கும் நடுவில் ஒரு கேபிளுமாக நிற்பது எவ்வளவு சிரமம் என்பதைத் தாம்பரத்தில் ஏறும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன மாதம் இறங்க முயன்ற ஒருவரின் தோள்பைக் கொக்கியில் என் கேபிள் மாட்டிக்கொண்டு, போன் அவருடன் சேர்ந்து இரண்டடி போய்விட்டது. நல்லவேளையாக அவர் வாசலுக்குப் போவதற்குள் பார்த்துவிட்டோம். அன்றே போனின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் காந்த வகையை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கடைக்குப் போன பிறகுதான் குழப்பம் தொடங்கியது. ரிச்சி தெருவில் ஒரு கடையில், 10000 எம்ஏஎச் (மில்லியாம்ப்-மணி, அதாவது கொள்ளளவு) என்று எழுதியிருந்த, விரல் கனமே உள்ள ஒன்றை 1,299 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். இன்னொரு கடையில் 5000 எம்ஏஎச் உள்ள ஒன்றுக்கு 2,999 ரூபாய் சொல்லி, இதுதான் க்யூஐ2 என்ற வயர்லெஸ் சார்ஜ் தரத்தின் சான்று பெற்றது என்றார்கள். இரண்டின் அட்டைப் பெட்டியிலும் 15 வாட் என்றுதான் இருக்கிறது. பாதிக் கொள்ளளவுக்கு இருமடங்குக்கும் மேலான விலையை நான் ஏன் தர வேண்டும்? 5000 எம்ஏஎச் வாங்கினால் 3,200 சொச்சம் எம்ஏஎச் உள்ள என் போனை ஒன்றரை முறை நிரப்பலாம் என்று நான் போட்ட கணக்கு சரியா? சட்டைப் பையில் போனோடு சேர்த்து வைக்கும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதும் என் விருப்பம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில் 1: கம்பிச்சுருள்

நான் பத்தாண்டுகளுக்கு மேல் செல்போன் பழுது பார்த்தவன் என்பதால், உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றரை முறை என்ற கணக்கு தவறு. ஒரு முழு முறை நிரம்பினாலே அது நல்ல பவர் பேங்க் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஏஎச் என்பது மின்னழுத்தத்தைச் சொல்லாமல் விட்ட எண். குடத்தின் வாய் அகலத்தை மட்டும் சொல்லி, ஆழத்தைச் சொல்லாமல் தண்ணீரின் அளவைக் கேட்பது போன்றது அது. நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வாட்-மணி, அதாவது உள்ளே இருக்கும் மொத்த ஆற்றலின் அளவு. 5000 எம்ஏஎச் உள்ள ஒன்றில் பெரும்பாலும் 18.5 அல்லது 19.25 வாட்-மணி என்று அச்சிட்டிருப்பார்கள். செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட்டாக எடுக்கப்பட்டதா, 3.85 ஆக எடுக்கப்பட்டதா என்பதுதான் அந்த வித்தியாசம். ஐபோன் 13-இன் பேட்டரி புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 12.4 வாட்-மணி. உங்களுடையது 83 சதவீதத்துக்குத் தேய்ந்துவிட்டதால் இப்போது பத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

இனி இழப்பு. பவர் பேங்கின் செல்லிலிருந்து வெளிவரும் மின்சாரம் முதலில் வேறு மின்னழுத்தத்துக்கு மாற்றப்படுகிறது. பிறகு மாறுமின்னோட்டமாகி ஒரு செப்புச் சுருளுக்குள் செல்கிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் போனுக்குள் இருக்கும் மற்றொரு சுருளில் மீண்டும் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது நேர்மின்னோட்டமாக்கப்பட்டு, இன்னொரு முறை மின்னழுத்தம் மாற்றப்பட்டு, கடைசியில் பேட்டரிக்குள் போகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வெப்பமாகக் கழிகிறது. கேபிளில் ஏற்றினால் அச்சிட்ட வாட்-மணியில் முக்கால் பங்குக்குக் குறையாமல் போனுக்கு வந்து சேரும். வயர்லெஸ்ஸில் பாதியோ, பாதிக்குச் சற்று மேலோ வந்தால் நல்லது என்பதே என் அனுபவம். ஆகவே போனைத் தொடாமல் மேசையில் வைத்தால், 5000 உள்ள ஒன்று உங்கள் போனை இருபதிலிருந்து ஏறத்தாழ முழுதாக நிரப்பிவிடும். ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டிருந்தால் அதில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும், ஏனெனில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

அடுத்தது அந்த 1,299 ரூபாய் சமாசாரம். அதை வாங்காதீர்கள். காரணத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு மளிகைக் கடைத் தராசு போதும். இன்று புழங்கும் நல்ல லித்தியம் பாலிமர் செல்கள் ஒரு கிலோ எடைக்குப் பெரும்பாலும் 200 முதல் 250 வாட்-மணி வரைதான் பிடித்து வைக்கும். 10000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-மணி; அதற்குச் செல் மட்டுமே ஏறத்தாழ 150 கிராமாவது எடை இருந்தாக வேண்டும். அதன்மேல் காந்த வளையம், செப்புச் சுருள், மின்சுற்றுப் பலகை, உறை எல்லாம் சேர்ந்தால் 200 கிராமை ஒட்டியாவது வந்துவிடும். விரல் கனத்தில், கையில் தூக்கினால் நூறு கிராம்கூடத் தேறாத ஒன்றில் 10000 என்று எழுதியிருந்தால், அந்த எண் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. நாணயமான 5000 எம்ஏஎச் மெல்லிய வகைகள் எட்டு ஒன்பது மில்லிமீட்டர் கனத்திலும், 110 முதல் 130 கிராம் எடையிலும் வருகின்றன. நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் ஓரிரண்டு உண்டு, ஆனால் அவை விலை கூடியவை.

15 வாட் என்ற எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் 2020 அக்டோபரில் ஐபோன் 12-உடன் மேக்சேஃப் காந்த வளையத்தைக் கொண்டுவந்தபோது, ஆப்பிளின் அனுமதி பெற்ற சார்ஜர்களுக்கு மட்டுமே 15 வாட் கிடைத்தது. வெறும் காந்தம் ஒட்டிய மற்றவற்றுக்கு ஐபோன் 7.5 வாட்டுக்கு மேல் இழுக்காது. பிறகு அதே காந்த முறையைப் பொதுத் தரமாக்கி, வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் 2023-இல் க்யூஐ2 என்று அறிவித்தது. ஐபோன் 13, 14 இரண்டுக்கும் ஐபோனின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் 17.2 வழியாகவும், ஐபோன் 12-க்கு 17.4 வழியாகவும் அந்த ஆதரவு வந்தது. ஆகவே சான்று பெற்ற க்யூஐ2 பவர் பேங்க் உங்கள் போனுக்கு 15 வாட் கொடுக்கும். ‘மேக்சேஃப் கம்பாட்டிபிள்’ என்று மட்டும் எழுதியிருப்பது, காந்தம் ஒட்டும் என்பதற்கு மேல் எதற்கும் உத்தரவாதம் இல்லை. 2025-இல் 25 வாட் க்யூஐ2 வந்திருக்கிறது. அது உங்கள் போனுக்குப் பயன்படாது, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். (இந்தப் பெயரைச் சீன உச்சரிப்பில் ‘ச்சீ’ என்று சொல்ல வேண்டுமாம். கடைக்காரரிடம் போய் ‘ச்சீ’ என்று சொன்னால் அவர் வேறு விதமாக எடுத்துக்கொள்வார். க்யூ ஐ டூ என்றே கேளுங்கள்.)

அந்த 15 வாட்டும் சில நிமிடங்களுக்குத்தான். மெல்லிய பவர் பேங்கில் வெப்பம் போக இடமில்லை. ஒரு பக்கம் செல், நடுவில் சுருள், மறுபக்கம் உங்கள் போனின் முதுகு. போன் தன் வெப்பத்தை வெளியே விட நம்பியிருக்கும் அதே முதுகில்தான் நாம் சூடான ஒரு பலகையை ஒட்டுகிறோம். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. சென்னையின் மே மாதம் அதைக் காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். போன் சூடானால் முதலில் வாட்டைக் குறைக்கும், பிறகு எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும், இன்னும் சூடானால் சார்ஜ் ஏற்றுவதை அறவே நிறுத்திவைக்கும். இதைப் பழுது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே இருபதுக்கு இறங்கும்வரை காத்திருந்து, அவசரத்தில் ஒட்டி, ஹாட்ஸ்பாட்டும் போட்டு, எல்லாச் சுமையையும் ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள். மதிய உணவு நேரத்தில் போன் அறுபதில் இருக்கும்போதே, குளிர்சாதன அறைக்குள், ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு அரை மணி நேரம் ஒட்டி வையுங்கள். அதே 19 வாட்-மணி உங்களுக்குக் கூடுதல் நேரம் உழைக்கும்.

பதில் 2: கேபிள் கட்சி

கம்பிச்சுருள் அவர்கள் எழுதியது அனைத்தும் சரி. ஆனால் அவர் எழுதியதைப் படித்து முடித்தால், இதை வாங்கவே கூடாது என்ற முடிவுக்குத்தான் நான் வருகிறேன். காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தில் பாதியைச் சட்டைப் பையைச் சூடாக்கச் செலவிடுவதற்கு 2,999 ரூபாய் அதிகம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்ட நண்பரின் உண்மையான சிக்கல் இரண்டு. ஒன்று, பேட்டரி தேய்ந்துவிட்டது. ஐபோன் 13-இன் பேட்டரி 500 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 83 என்பது ஏறத்தாழ அந்த எல்லையில் நிற்கிறது. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் புது பேட்டரி மாற்றிவிட்டால், கையில் எதையும் கூடுதலாகத் தூக்காமலேயே ஐந்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். இன்னொன்று, ஹாட்ஸ்பாட். மடிக்கணினிக்கு வயர்லெஸ்ஸில் இணையம் கொடுப்பதற்குப் பதிலாக, கேபிளில் இணைத்தே இணையத்தைப் பகிரலாம். அப்போது மடிக்கணினியே போனுக்குச் சார்ஜும் ஏற்றிக்கொண்டிருக்கும். ஒரு ரூபாய் செலவில்லை.

இத்தனைக்குப் பிறகும் பவர் பேங்க் வேண்டுமென்றால், அரையடி நீளமுள்ள கேபிள் ஒன்றை வாங்குங்கள். பெரும்பாலும் ஒரு மீட்டர் கேபிளை வைத்துக்கொண்டுதான் மக்கள் ரயிலில் அவதிப்படுகிறார்கள். அரையடிக் கேபிளோடு போனையும் ஒரு சிறிய 10000 எம்ஏஎச் பவர் பேங்கையும் ரப்பர் பட்டையால் சேர்த்துக் கட்டினால் எந்தக் கொக்கியிலும் மாட்டாது. பார்க்க அழகாக இருக்காது என்பது உண்மைதான். 15 வாட் என்று சொல்லிவிட்டுச் சூட்டில் 7 வாட்டுக்கு இறங்கும் பொருளைவிட, 20 வாட்டில் அரை மணி நேரத்தில் ஏறத்தாழ பாதியை ஏற்றிவிடும் கேபிள் எனக்கு அழகாகத் தெரிகிறது.

செங்கை லோக்கல்

இருவருக்கும் மிக்க நன்றி. கேபிளில் இணையத்தைப் பகிரலாம் என்பது இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. நாளை முதல் அதைச் செய்துபார்க்கிறேன். பேட்டரி மாற்றுவதை 80-க்குக் கீழே வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் மாலை ரயிலில் மடிக்கணினி இல்லை, கூட்டம் இருக்கிறது. ரப்பர் பட்டை யோசனையை என் மனைவியிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. எனவே 5000 எம்ஏஎச் காந்த வகை என்பதில் உறுதியாகிவிட்டேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதம் இருக்கின்றன. என் போனுக்குச் சாதாரண ஒளிபுகும் கவர் போட்டிருக்கிறேன். அதற்குள் போனின் முதுகோடு சேர்த்து ரயில் சீசன் பாஸையும், திருப்பதியில் வாங்கிய தகட்டுப் படம் ஒன்றையும் வைத்திருக்கிறேன். அவற்றோடு இது ஒட்டுமா? மேலும், வீட்டில் என் தந்தைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார்கள். அவரும் சில நேரம் என் போனில் பேசுவார். காந்தம் என்றதும் அது நினைவுக்கு வந்தது.

பதில் 3: ஓரமாய் நிற்பவர்

பேஸ்மேக்கரிலிருந்து தொடங்குகிறேன், மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஐபோன் 13-க்குள்ளேயே காந்த வளையம் இருக்கிறது. பவர் பேங்கை ஒட்டினால் காந்தமும் கூடுகிறது, மின்காந்தப் புலமும் சேர்கிறது. மார்பில் பொருத்திய பேஸ்மேக்கர் போன்ற கருவிகளிலிருந்து போனையும் மேக்சேஃப் துணைக்கருவிகளையும் 15 சென்டிமீட்டருக்கு அப்பாலும், வயர்லெஸ்ஸில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் 30 சென்டிமீட்டருக்கு அப்பாலும் வைத்திருக்க வேண்டும் என்று ஆப்பிள் அறிவுறுத்துகிறது. இங்கே உள்ள சிக்கல் நம் சட்டையின் தையல். பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் மார்பின் மேற்புறம் இடது காறை எலும்புக்குக் கீழே வைக்கிறார்கள். நம் ஊர் சட்டைகளில் பையும் இடது மார்பில்தான். பேசி முடித்ததும் பெரியவர்கள் கை தானாகவே போனை எங்கே போடும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா பேசும்போது பவர் பேங்கைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துக் கொடுங்கள். அவருடைய மருத்துவரிடமும் கருவியின் பெயரைச் சொல்லி ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

அடுத்து, கவர். காந்த வளையம் இல்லாத சாதாரணக் கவரின் மேல் பவர் பேங்க் ஒட்டுவது போலத் தெரியும். ரயிலின் ஒரு குலுக்கலில் வழுக்கி விழும். சுருளுக்கும் சுருளுக்கும் இடையே கூடும் ஒவ்வொரு மில்லிமீட்டரும், பக்கவாட்டில் நகரும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏறும் மின்சாரத்தைக் குறைத்து வெப்பத்தைக் கூட்டுகின்றன. வளையம் பதித்த கவர் ஒன்று வாங்குங்கள், அல்லது கவர் இல்லாமல் ஒட்டுங்கள். சீசன் பாஸ் வெறும் காகிதம் என்றாலும் இடைவெளியைக் கூட்டும் என்பதால் எடுத்துவிடுங்கள். தகட்டுப் படம் அப்படியன்று: மாறும் காந்தப்புலத்தில் உலோகத் தகடு வைத்தால் தகட்டுக்குள்ளேயே மின்னோட்டம் சுழன்று அது சூடாகும். நல்ல சார்ஜர் அதை உணர்ந்து நின்றுவிடும். மலிவான சார்ஜர் உணராமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். பெருமாளைப் பர்ஸுக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் பர்ஸிலிருந்து ஏடிஎம் கார்டையோ மெட்ரோ கார்டையோ எடுத்து அந்த இடத்தில் வைத்துவிடாதீர்கள். போனுக்கும் மேக்சேஃப் சார்ஜருக்கும் நடுவே கார்டு வைத்தால் அதன் காந்தப் பட்டையோ சில்லோ கெடலாம்.

வாங்கும்போது பின்பக்கத்தில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும், அதனோடு ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியாவில் பவர் பேங்குகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணை இட்டால், எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்காகக் கொடுக்கப்பட்டது என்பது வந்துவிடும். நான் இப்படிச் சோதித்த ஒன்றின் எண், யாரோ ஒரு எல்இடி விளக்குத் தயாரிப்பாளருக்கு உரியதாக இருந்தது. விற்றவர் அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படவில்லை. பெயர் பெற்ற பிராண்டு என்பதாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது: 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் 5000 எம்ஏஎச் காந்த பவர் பேங்க் ஒன்று, தீப்பிடிக்கும் அபாயத்தால் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டது. வாங்கிய பிறகு மாடல் எண்ணைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் தேட உதவும். தட்டையான மேசையில் வைத்துப் பார்க்கும்போது அது இலேசாக ஆடினால், அல்லது போனோடு சேரும் விளிம்பில் இடைவெளி தெரிந்தால், செல் உப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகு ஒரு நாள்கூடப் பயன்படுத்தாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

விமானப் பயணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வரி. 100 வாட்-மணிக்குள் இருக்கும் பவர் பேங்கைக் கைப்பையில் கொண்டுபோகலாம், சரக்குப் பெட்டியில் கூடாது; 19 வாட்-மணி அந்த எல்லைக்கு வெகு கீழே. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதலும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதைத் தடை செய்துவிட்டன. காந்த வகை ஒட்டிய உடனே தானாகச் சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிடும். ஏறுவதற்கு முன்பே கழற்றித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் கட்சி

தகட்டுப் படத்தைக் கவருக்குள் வைத்து இத்தனை நாள் வயர்லெஸ் சார்ஜர் எதையும் தொடாமல் இருந்ததற்காகவாவது நண்பர் என் கட்சிக்கு நன்றி சொல்ல வேண்டும். தோல்வியை ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: வாங்கப்போகும் பவர் பேங்கில் டைப்-சி துளை வழியாகக் கேபிளிலும் மின்சாரத்தை வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் அந்தத் துளை பவர் பேங்கை நிரப்புவதற்கு மட்டும்தான். வெளியே எடுக்கவும் முடிந்தால், ஒரு டைப்-சி டு லைட்னிங் கேபிளைப் பையின் மூலையில் போட்டு வைத்தால் அவசரத்துக்கு ஆகும்.

செங்கை லோக்கல்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

2,999 சொன்ன கடையிலேயே 2,750-க்குப் பேசி வாங்கினேன். வாங்கும் முன்பே ‘ஆர்’ எண்ணைச் செயலியில் இட்டுப் பார்த்தேன். பவர் பேங்க் என்றுதான் வந்தது. கடைக்காரர் என்னை அரசு அதிகாரி என்று நினைத்தாரோ என்னவோ, விலை அதன் பிறகுதான் இறங்கியது. ஊர் திரும்பியதும் எங்கள் தெரு மளிகைக் கடையில் வைத்து நிறுத்தேன். 124 கிராம். அட்டைப் பெட்டியில் 122 என்று போட்டிருந்தது. இரண்டு கிராமை அண்ணாச்சியின் தராசின் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். பின்பக்கத்தில் 19.25 வாட்-மணி என்று தெளிவாக இருக்கிறது. டைப்-சி துளையில் மின்சாரம் வெளியேயும் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கவரைக் கழற்றி, போனைத் தொடாமல் மின்விசிறிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். இருபதிலிருந்து எண்பத்தெட்டு வரை ஏறியதும் பவர் பேங்கின் கடைசி விளக்கு அணைந்துவிட்டது. கம்பிச்சுருள் அவர்கள் சொன்ன கணக்குக்கு இது சற்றுக் கீழேதான் இருக்கிறது. எழும்பூரில் இருபத்து நான்கில் ஒட்டி, நின்றபடி செய்தி படித்துக்கொண்டே வந்த ஒரு மாலையில், சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கும்போது அறுபத்தொன்று. அன்று பல்லாவரம் தாண்டியதும் போனின் முதுகு வெந்நீர்ச் செம்பைத் தொட்டது போலத்தான் இருந்தது. அதனால் இப்போது மதியமே ஒட்டிவிடுகிறேன். மாலையில் ரயிலில் ஏறும்போது பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல் இருப்பதால், வீடு வரை அது தேவைப்படுவதே இல்லை. கேபிள் வழியாக இணையத்தைப் பகிர்வதும் அதற்கு ஒரு காரணம் என்பதைக் கேபிள் கட்சித் தோழர் குறித்துக்கொள்ளட்டும்.

சட்டைப் பை ஆசையை மட்டும் கைவிட்டுவிட்டேன். போனும் பவர் பேங்கும் சேர்ந்து முந்நூறு கிராம் ஆகிறது. குனிந்தால் சட்டையே முன்னால் இழுக்கிறது. கால்சட்டைப் பையில் போட்டால் உட்காரும்போது பவர் பேங்க் நழுவித் தனியாக நிற்கிறது. பையின் முன்னறையில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்து ஒட்டுகிறேன். அப்பாவுக்குப் போனைத் தருவதற்கு முன் அதைக் கழற்றும் வேலையை என் மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். சில நேரம் அது திரும்பி வராமல், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. அதனால் ஏதேனும் கெடுமா என்று யாராவது சொல்ல முடியுமா?

கம்பிச்சுருள்

கதவில் ஒட்டுவதால் காந்தத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சில மாடல்கள் எதிரில் உலோகம் வந்தாலே விழித்துக்கொண்டு போன் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும். காலையில் பார்த்தால் ஒரு விளக்கு குறைந்திருக்கும். ஓர் இரவு அப்படியே விட்டுப் பாருங்கள். விளக்கு குறையவில்லை என்றால், கதவே அதற்கு நல்ல இடம். அங்கே இருந்தால் நீங்கள் காலையில் மறந்துவிட்டுப் போக மாட்டீர்கள்.